எட்டாம் வகுப்போடு விளையாட்டை விட்டுவிடும் பிள்ளைகள்: சோம்பலா, வேறு காரணமா?

கேள்வி: பொருநைக்கரையாள்

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் வசிக்கிறேன். மூத்தவள் 13 வயது, இப்போதுதான் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். இளையவனுக்கு 8 வயது.

ஆறாம் வகுப்பு வரை மகள் தெருவில் இருட்டும் வரை ஆடிவிட்டு, நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றிய பிறகே வீட்டுக்குள் வருவாள். பள்ளியின் கோ-கோ அணியிலும் இருந்தாள். ஏழாம் வகுப்பின் நடுவில் அணியிலிருந்து விலகிக்கொண்டாள். எட்டாம் வகுப்பு முழுவதும், பி.டி. பீரியட் வந்தாலே வயிற்று வலி என்றோ தலைவலி என்றோ சொல்லிவிட்டு, மைதானத்தின் ஓரத்துப் புங்க மரத்தடியில் இரண்டு தோழிகளோடு உட்கார்ந்துவிடுகிறாள் என்று வகுப்பாசிரியை சொன்னார். மருத்துவரிடம் காட்டினோம், இரத்தசோகை, தைராய்டு என எதுவும் இல்லை.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். என் கணவர் கைப்பேசியைக் குற்றம் சாட்டுகிறார். மாமியாரோ, பெரிய மனுஷியான பிறகு பெண் பிள்ளைக்கு ஓட்டமும் குதியும் எதற்கு என்கிறார். எனக்கு இரண்டிலும் முழு நம்பிக்கை வரவில்லை. கைப்பேசி தம்பிக்கும் கிடைக்கிறது; அவன் அதைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டு மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். இத்தனைக்கும் அவன் ஆடும் அழகைப் பார்த்தால் மட்டைக்கும் பந்துக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. ஆடத் தெரிந்தவள் ஒதுங்கி உட்காருகிறாள், ஆடவே தெரியாதவன் முதல் ஆளாகப் போய் நிற்கிறான்; இந்த முரண்தான் எனக்குப் பிடிபடவில்லை.

இந்த வயதுப் பிள்ளைகளின் உடலியக்கத்தை அவர்களுடைய மனத்துக்குள்ளிருந்து தடுப்பது எது, தூண்டுவது எது என்று இங்கே ஆசிரியர்களோ உளவியல் படித்தவர்களோ இருந்தால் விளக்க வேண்டும். ஒரு மாதம் தினமும் மாலையில் ஓடினால் ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தருகிறேன் என்று கணவர் சொல்லியிருக்கிறார். அது பயன் தருமா, கெடுதல் செய்யுமா என்பதும் தெரிய வேண்டும்.


பதில்: மைதானத்து டீச்சர்

சகோதரி, நான் மதுரை மாவட்டத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் நீண்ட காலமாக உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். நீங்கள் சொல்லும் புங்க மரத்தடி எல்லாப் பள்ளியிலும் உண்டு. எங்கள் பள்ளியில் அது வேப்ப மரம்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மணி அடித்ததும் மைதானத்துக்கு ஓடி வருவார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கழிப்பறைக்குப் போய், தண்ணீர் குடித்து, ரிப்பனை அவிழ்த்துக் கட்டி, பீரியடில் கால்வாசி கழிந்த பிறகு வந்து சேர்வார்கள். சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் இதே பிள்ளைகள் ஆண்டு விழா நடனத்துக்காக வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பாட்டைப் போட்டுவிட்டு, உடம்பெல்லாம் நனையும்படி ஆடுவதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கதவைச் சாத்தினால் வரும் உற்சாகம் திறந்த மைதானத்தில் எங்கே போகிறது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

அணி பிரிக்கும்போது நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? இரண்டு தலைவிகளை நிறுத்தி மாற்றி மாற்றி ஆள் எடுக்கச் சொன்னால், கடைசி மூன்று நான்கு பேர் தலையைக் குனிந்துகொண்டு கால் பெருவிரலால் மண்ணைக் கிளறியபடி நிற்பார்கள். ஒருத்தி மிஞ்சினால், "அவள நீயே வச்சுக்கோ" என்று இரண்டு பக்கமும் தள்ளிவிடும். சின்ன வயதில் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டாலே போதும் என்று ஆடிய குழந்தை, 12, 13 வயதில் அந்த இடத்தில் நிற்பதைவிட வயிற்று வலி என்று மரத்தடிக்குப் போவதையே மேலாக நினைக்கிறது. அந்த வலியை முழுப் பொய் என்றும் நான் சொல்ல மாட்டேன். பயத்தில் வயிறு பிசைவதும் வலிதான்.

உங்கள் மகள் கோ-கோ ஆடியவள் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். துரத்தும் அணியில் எட்டுப் பேர் ஆளுக்கொரு திசை பார்த்து உட்கார்ந்திருக்க, கோ வாங்கியவள் ஒருத்தி மட்டும் எழுந்து ஓடுவாள். தப்பி ஓடும் அணியிலிருந்து ஒரு நேரத்தில் மூன்று பேர்தான் உள்ளே வருவார்கள். யார் தாமதமாக எழுந்தாள், யார் சறுக்கி விழுந்தாள், யாருடைய சட்டை விலகியது என்பதெல்லாம் மைதானம் முழுவதற்கும் தெரியும். கபடியில் ரைடு போகும் பெண்ணுக்கும் இதே நிலைதான். கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துகொள்ள இடம் தராத ஆட்டங்கள் இவை. உடம்பு மாறிக்கொண்டிருக்கும் வயதில் அதுவே பெரும் சுமையாகிவிடுகிறது. சுடிதார் துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்துகொண்டு ஓடும் பெண் தன் கவனத்தில் பாதியை அந்த முடிச்சிலேயே வைத்திருக்கிறாள். மாதவிடாய் நாட்களில் கறை பட்டுவிடுமோ என்ற அச்சம் வேறு. விளையாட்டுக்கென்று இறுக்கமான உள்ளாடையும், தொளதொளப்பான டி-சர்ட்டும், அடர் நிற டிராக் பேண்ட்டும் போட்டுக்கொள்ள அனுமதித்த வகுப்புகளில் மரத்தடிக் கூட்டம் கண்கூடாகக் குறைந்தது. இதை அறிவுரையால் சாதிக்க எத்தனையோ முறை முயன்று பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

எங்கள் தரப்பின் மேலும் எனக்கு ஒரு கோபம் உண்டு. தாமதமாக வந்தால் மைதானத்தை இரண்டு சுற்று ஓடு, வீட்டுப்பாடம் எழுதவில்லை என்றால் தோப்புக்கரணம் போடு என்று உடம்பை அசைப்பதையே தண்டனையாக்கி வைத்திருக்கிறோம். காலையில் வகுப்பு முழுவதும் சிரிக்கத் தண்டனையாக ஓடிய பிள்ளையிடம், மாலையில் போய் ஓட்டம் எவ்வளவு இன்பம் தெரியுமா என்று சொல்ல எந்த ஆசிரியருக்கும் வாய் வரக் கூடாது.


பதில்: உளவியல் வாத்தியார்

அம்மா, உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் இடையில் நீங்கள் காணும் முரண் உண்மையில் வளர்ச்சி உளவியல் நன்கு அறிந்த ஒன்று. கல்லூரியில் இப்பாடத்தை நடத்துகிறவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஜான் நிக்கல்ஸ் என்ற உளவியலாளர், முயற்சியையும் திறமையையும் குழந்தைகள் எந்த வயதில் பிரித்துப் பார்க்கத் தொடங்குகிறார்கள் என்பதை ஆராய்ந்தார். சிறு குழந்தைக்கு இரண்டும் ஒன்றுதான்: நிறைய ஓடியவன் நன்றாக ஆடியவன், நன்றாக ஆடியவன் கெட்டிக்காரன். ஏறத்தாழ 11, 12 வயதில்தான், திறமை உள்ளவனுக்குக் குறைந்த முயற்சி போதும் என்பதும், மிகவும் முயன்றும் தோற்றவனுக்குத் திறமை இல்லை என்று மற்றவர்கள் முடிவுகட்டிவிடுவார்கள் என்பதும் பிள்ளையின் மனத்தில் தெளிவாகப் பதிகின்றன. அந்த நாளிலிருந்து முயற்சியே ஆபத்தான காரியமாகிவிடுகிறது. முழு மூச்சாக ஓடிப் பின்தங்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஓடாமலே இருந்தால், ஓடியிருந்தால் ஜெயித்திருப்பேன் என்று சொல்லிக்கொள்ள இடம் இருக்கும். உங்கள் மகன் இந்தக் கணக்கை இன்னும் போடத் தொடங்கவில்லை, மகள் போட்டு முடித்துவிட்டாள்.

சூசன் ஹார்ட்டர் என்ற உளவியலாளர் 1982இல் வெளியிட்ட கேள்வித்தாள் வடிவ அளவுகோல், பிள்ளைகள் தங்கள் திறனைத் தாமே எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதைப் படிப்பு, நட்பு, உடல் திறன் என்று தனித்தனியாகப் பிரித்து அளந்தது. சிறு வயதில் அந்த மதிப்பீடு உண்மையைவிட மிகவும் உயர்ந்து நிற்கும்; பந்தைத் தொடாதவனும் தன்னைப் பெரிய ஆட்டக்காரனாகவே நினைப்பான். 8 வயதுக்கு மேல் சக பிள்ளைகளோடு ஒப்பிடும் பழக்கம் வலுப்படும்போது அது இறங்கத் தொடங்குகிறது. 2008இல் டேவிட் ஸ்டோடனும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த கருத்தின்படி, வளர வளர உண்மையான உடல் திறனும், தன் திறனைப் பற்றிய நினைப்பும், உடலியக்கமும் ஒன்றையொன்று இழுக்கத் தொடங்குகின்றன: முடியும் என்று நினைப்பவன் அதிகம் ஆடுகிறான், ஆடுவதால் திறன் கூடுகிறது, முடியாது என்று நினைப்பவன் விலகுகிறான், விலகியதால் இன்னும் பின்தங்குகிறான்.

முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதற்கு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து வென்ற அனுபவம்தான் அவற்றில் மிக வலியது. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது அடுத்தது. இங்கே "தன்னைப் போன்ற" என்பதுதான் முக்கியம். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியில் சென்னை கண்ணகி நகரில் வளர்ந்த கார்த்திகா இருந்தது, அதே தெருக்களில் வளரும் ஒரு சிறுமிக்குச் செய்வதை, எங்கோ பெரிய அகாடமியில் வளர்ந்த டென்னிஸ் வீராங்கனையின் வெற்றி செய்துவிடாது. மற்றவர் சொல்லும் ஊக்கச் சொல் மூன்றாவது. பெற்றோர் பெரிதும் நம்பியிருப்பது இதைத்தான், முதல் இரண்டையும்விட இது பலம் குறைந்தது. நான்காவது, தன் உடம்பு தரும் அறிகுறிகளைப் பிள்ளை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பது. மூச்சு வாங்குவதையும் நெஞ்சு படபடப்பதையும் ஒருத்தி ஆட்டம் சூடு பிடித்ததாக எடுத்துக்கொள்வாள், இன்னொருத்தி தன்னால் முடியவில்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்வாள்.

மாமியார் சொன்னதிலும் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது, அவர் எடுத்த முடிவுதான் சரியில்லை. கிர்ஸ்டன் டேவிசனும் உடனிருந்தவர்களும் 2007இல் அமெரிக்கச் சிறுமிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், 11 வயதில் பருவ வளர்ச்சி முந்தியிருந்தவர்கள் 13 வயதில் குறைவாக இயங்கினார்கள் என்று கண்டார்கள். இடையில் இருந்த கண்ணி மனம்தான்: முந்தி வளர்ந்த பெண்களின் மனநலம் தாழ்ந்திருந்தது, மனநலம் தாழ்ந்தவர்களுக்கு உடலியக்கத்தில் இன்பம் குறைந்தது, இன்பம் குறைந்தவர்கள் அசைவதைக் குறைத்துக்கொண்டார்கள். தன் உடலைப் பிறர் எடைபோடுகிறார்கள் என்ற பதற்றத்தை அளப்பதற்கென்றே 1989இல் ஹார்ட், லியரி, ரெஜெஸ்கி மூவரும் ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். டீச்சர் சொன்ன துப்பட்டா முடிச்சு அந்தப் பதற்றத்தின் நம் ஊர் வடிவம்.


பதில்: அம்பத்தூர் அப்பா

மேலே எழுதிய இருவரையும் மதித்தே ஒரு மறுப்பைப் பதிவு செய்கிறேன். எதற்கெடுத்தாலும் மனம், மனம் என்று பேசினால் பழியைக் கடைசியில் பிள்ளையின் தலையிலேயே கட்டிவிடுவோம் என்ற கவலை எனக்கு உண்டு.

5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் வாரம் முழுவதற்குமாகச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் தரவுகளை வைத்து 2019இல் வெளியிட்ட கணக்கில், 11 முதல் 17 வயதுள்ள பள்ளிப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினர் இந்த அளவை எட்டவில்லை; பெண்களில் 85, ஆண்களில் 78. ஐந்தில் நான்கு பேர் தவறுகிறார்கள் என்றால், அத்தனை பேருக்கும் மனத்தில் கோளாறா, அல்லது நாம் கட்டிவைத்திருக்கும் ஊரிலும் பள்ளியிலும் கோளாறா?

என் மகனின் நாளைச் சொல்கிறேன். பள்ளி முடிந்து வேன் வீடு வந்து சேர மணி ஐந்தாகிறது. தோசையை வாயில் திணித்துக்கொண்டு டியூஷனுக்கு ஓடினால், திரும்பும்போது இருட்டிவிடும். தெருவில் பந்து போட்டால் நிறுத்தி வைத்த கார் கண்ணாடிக்கு யார் பொறுப்பு என்று எதிர்வீட்டுக்காரர் கேட்கிறார். வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட், அதில் ஒன்றைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வது எழுதப்படாத சட்டம்; பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் இரண்டாவதும் போய்விடும். இவனுக்குத் தன்னம்பிக்கை எத்தனை இருந்து என்ன பயன்? முதலில் மைதானத்தைக் கொடுங்கள், நேரத்தைக் கொடுங்கள். மனம் தானாக வரும்.


பதில்: உளவியல் வாத்தியார்

அம்பத்தூர் நண்பருக்கு: உங்கள் கோபம் நியாயமானது, மைதானமும் நேரமும் இல்லாத இடத்தில் உளவியல் பேசுவது வீண் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஜேம்ஸ் சாலிஸ் குழுவினர் 2000இல் 108 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெளியில் செலவிடும் நேரமும் ஆடுவதற்கான வசதியும் சிறு பிள்ளைகளின் இயக்கத்தோடு தெளிவாகத் தொடர்புடையவையாக இருந்தன. வளரிளம் பருவத்தினரிடம், பெற்றோரின் துணை, ஆடும் வாய்ப்பு ஆகியவற்றோடு, தன்னால் முடியும் என்ற மதிப்பீடும், செய்ய வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டன. மனச்சோர்வு மிகுந்தவர்களிடம் இயக்கம் குறைந்திருந்தது.

ஆனால் "மனம் தானாக வரும்" என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கேள்வி கேட்டவரின் மகளுக்கு மைதானம் இருக்கிறது, பீரியட் இருக்கிறது, புங்க மர நிழல்கூட இருக்கிறது. அவள் அந்த மைதானத்தின் ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நேரமின்மையும் எல்லோரையும் ஒரே மாதிரி தடுப்பதில்லை. ஒரே டியூஷனுக்குப் போகும் இரண்டு பிள்ளைகளில், ஆட்டத்தில் ருசி கண்டவன் இருபது நிமிட இடைவெளியைக்கூட விடமாட்டான், ருசி விட்டுப்போனவனுக்கு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நேரம் இருக்காது. நேரமில்லை என்று பிள்ளை சொன்னால், அதை அப்படியே ஏற்பதற்கு முன், அது எத்தனை விழுக்காடு கடிகாரம், எத்தனை விழுக்காடு கூச்சம் என்று பார்க்க வேண்டும். கோளாறு என்ற சொல்லையும் நான் ஏற்கவில்லை. கேலிக்கு ஆளாகும் இடத்திலிருந்து விலகி நிற்பது அறிவுள்ள எந்த மனிதனும் செய்யும் காரியம். மாற்ற வேண்டியது அந்த இடத்தைத்தான் என்பதில் நீங்களும் நானும் ஒரே பக்கம்தான் நிற்கிறோம்.

கேள்வி கேட்ட அம்மாவுக்கு ஓர் எச்சரிக்கை மட்டும். விளையாட்டை விட்டவள் ஓவியத்தையும் தோழிகளையும் பிடித்த தின்பண்டத்தையும் சேர்த்தே விட்டிருந்தால், தூக்கம் குலைந்திருந்தால், காரணம் வேறாக இருக்கலாம். அப்போது தாமதிக்காமல் மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவள் தோழிகளோடு சிரித்துப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகத் தெரிவதால், நான் அவ்வளவு கவலைப்படவில்லை.


கேட்டவரின் மறுமொழி: பொருநைக்கரையாள்

அனைவருக்கும் நன்றி. நீங்கள் எழுதியதையெல்லாம் படித்த பிறகு, ஏன் ஓடமாட்டேன் என்கிறாய் என்று கேட்பதை விட்டுவிட்டு, கோ-கோவில் உனக்கு எது பிடித்திருந்தது என்று இரவு துணி மடிக்கும்போது மெல்லக் கேட்டேன். தூணைச் சுற்றித் திரும்பும் அந்த ஒரு கணம் ரொம்பப் பிடிக்கும் என்றாள். பிறகு தானாகவே சொன்னாள்: ஏழாம் வகுப்பில் மாவட்டப் போட்டிக்குப் பயிற்சி நடந்தபோது, வேலிக்கு அப்பால் நின்ற பையன்கள் இவள் ஓடும்போதெல்லாம் ஒருவித ஓசை எழுப்பிச் சிரித்திருக்கிறார்கள். அதோடு, போட்டியில் தோற்ற அன்று, உன்னால்தான் போச்சு என்று அணித் தலைவி எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறாள். அடுத்த வாரமே விலகிக்கொண்டாள். இவ்வளவு நாள் இதை யாரிடமும் சொல்லவில்லை.

தூணைச் சுற்றுவதைப் பற்றிப் பேசும்போது அவள் கை தானாக வளைந்ததைப் பார்த்தேன், ஆகவே ஆசை முழுதாகப் போய்விடவில்லை என்று நம்புகிறேன். திரும்ப அணியில் சேர் என்று சொல்வதா, தனியாக ஏதாவது கற்றுக்கொள்ள அனுப்புவதா? ஸ்மார்ட் வாட்ச் விஷயத்துக்கும் விடை சொல்லுங்கள். கணவர் ஏற்கனவே ஆர்டர் போடும் நிலையில் இருக்கிறார்.


பதில்: கம்புக்காரன்

அக்கா, நான் கல்லூரி மாணவன். பெண் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்வதல்ல இது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். பள்ளியில் என் பட்டப்பெயர் "பூசணி". நூறு மீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தால், பூமி அதிரப்போகிறது என்று ஒருவன் மைக்கில் பேசுவது போல அறிவிப்பான், வகுப்பே கைதட்டும். பையன் என்பதால் இதற்கெல்லாம் முகம் வாடக் கூடாது, சேர்ந்து சிரிக்க வேண்டும். நானும் சிரித்துக்கொண்டே விளையாட்டிலிருந்து வெளியேறினேன். கிரிக்கெட்டில் எனக்கு நிரந்தர வேலை அம்பயர்.

என்னைத் திரும்ப இழுத்தது சிலம்பம். எங்கள் ஆசான் முதல் நாள் கம்பைக் கையிலேயே தரவில்லை. காலடி வைப்பு மட்டும்தான். எல்லோரும் ஒரே திசை பார்த்து நிற்போம், அவரவர் கால் அவரவருக்கு. யார் முந்தினார், யார் பிந்தினார் என்ற பேச்சுக்கே இடமில்லை. நேற்று தடுமாறிய திருப்பம் இன்று வந்துவிட்டதா என்பதை மட்டும் பார்ப்பார். வந்துவிட்டால் "ம்" என்பார். அந்த "ம்" கிடைத்த நாட்களில் நான் வீட்டுக்கு நடக்கவில்லை, மிதந்தேன். உடம்பு இளைத்ததா என்று கேட்பவர்களுக்கு: பெரிதாக ஒன்றும் இளைக்கவில்லை. இளைப்பதற்காக ஆடு என்று யாராவது சொல்லியிருந்தால் மூன்றாம் நாளே நின்றிருப்பேன்.

வேலிக்கு அப்பால் நின்று சிரித்த பையன்களைப் பற்றிப் பள்ளியில் சொல்லிவிடுங்கள் அக்கா. அதை உங்கள் மகள் தாண்டி வர வேண்டிய சோதனையாக்கிவிடாதீர்கள்.


பதில்: உளவியல் வாத்தியார்

ஸ்மார்ட் வாட்ச் பற்றி. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவர், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் படம் வரைவதில் ஏற்கனவே ஆசை உள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று ஒரு பகுதியினரிடம் முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தார்கள். பிறகு பரிசு எதுவும் இல்லாத சாதாரண வேளையில் கவனித்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களில் ஏறத்தாழப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்த வீழ்ச்சி இல்லை. முன்னரே பேசப்பட்ட பேரம்தான் கெடுக்கிறது. பிடித்துச் செய்த காரியம் கூலிக்குச் செய்யும் வேலையாகிவிடுகிறது.

எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வளர்த்தெடுத்த கோட்பாடு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. தன் விருப்பப்படி தேர்ந்தெடுத்தேன், என்னால் முடிகிறது, எனக்கு இங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்ற மூன்று உணர்வுகள் ஊட்டம் பெற்றால் ஆர்வம் உள்ளிருந்தே நிற்கும் என்பார்கள். உங்கள் மகளின் கதையை இந்த மூன்றோடும் வைத்துப் பாருங்கள். தலைவியின் ஒரு சொல் "முடிகிறது" என்பதையும் "ஆட்கள் இருக்கிறார்கள்" என்பதையும் ஒரே வீச்சில் வெட்டிவிட்டது. மிச்சமிருப்பது தேர்ந்தெடுக்கும் உரிமை. தினமும் ஓடு, வாட்ச் தருகிறேன் என்ற பேரம் அதையும் எடுத்துக்கொள்ளும். தவிர, ஒவ்வொரு இரவும் எத்தனை அடி நடந்தாய் என்று கணக்குக் கேட்கும் வீடு, அவள் விலகி வந்த மைதானத்தைப் போலவே மாறிவிடும். கணவருக்கு வாட்ச் வாங்கும் ஆசை தீரவில்லை என்றால் அவரே கட்டிக்கொண்டு நடக்கட்டும். உடன்பிறந்தவரும் பெற்றோரும் இயங்கும் வீட்டில் பிள்ளைக்கு அது வழக்கமாகிவிடுகிறது.

அணியா, தனியா என்பதை அவளிடமே கேளுங்கள். கேட்கும்போது இரண்டு மூன்று வழிகளை வைத்துக் கேட்பது நல்லது. "உனக்கு என்ன வேணும்" என்று மொட்டையாகக் கேட்டால், "ஒண்ணும் வேணாம்" என்பதுதான் 13 வயதின் முதல் பதில்.


பதில்: மைதானத்து டீச்சர்

வாத்தியார் சொன்ன அந்த இரண்டு மூன்று வழிகளில் வளையப்பந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு ரப்பர் வளையம், ஒரு கயிறு, இரண்டு பேர் இருந்தால் மொட்டை மாடியிலேயே ஆடலாம். வேலி, பார்வையாளர், தலைவி என்ற தொல்லை எதுவும் இல்லை. தம்பியோடு ஆடட்டும். அவன் எப்படி ஆடினாலும் வெட்கப்படாதவன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு இப்போது அப்படிப்பட்ட கூட்டாளிதான் தேவை.

பள்ளியில், மரத்தடியில் உட்காரும் மூவரையும் சேர்த்தே கூப்பிடும்படி உடற்கல்வி ஆசிரியரிடம் தனியாகப் பேசுங்கள். ஒருத்தியை மட்டும் எழுப்பினால் அவள் தோழிகளைக் காட்டிக்கொடுத்தவள் ஆகிவிடுவாள். நான் என் பள்ளியில் தலைவிகளை ஆள் எடுக்க விடுவதை நிறுத்திவிட்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லி அணி பிரிக்கிறேன். இதற்கு ஒரு பைசா செலவில்லை, எந்த ஆசிரியரும் நாளையே செய்யலாம். வேலியோரத்துப் பையன்களைப் பற்றி வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராமல் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். பயிற்சி நேரத்தில் அந்தப் பக்கம் ஓர் ஆசிரியரை நிறுத்தச் சொல்லிக் கேட்பதும் நியாயமான கோரிக்கைதான்.

உடை பற்றியும் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் பேசுங்கள். அடர் நிற டிராக் பேண்ட்டுக்கும், ஆட்டத்தின்போது துப்பட்டா வேண்டாம் என்பதற்கும் நாங்கள் கேட்டால் கட்டுப்பாடு குலைந்துவிடும் என்ற பதில் வருகிறது. பெண் பிள்ளைகளின் தாய்மார்கள் நான்கு பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டபோது எங்கள் பள்ளியில் அடுத்த பருவத்திலேயே அனுமதி கிடைத்தது.